நோன்மதியும் செய்மதியும்

கொழும்பு வெள்ளவத்தை காலி வீதிக் கடைகளில் தொங்கும் தமிழ் நாட்காட்டியில் மாதந்தோறும் பௌர்ணமியையொட்டி ‘முழு நோன்மதி தினம்’ வந்துவிடும். அன்று இறைச்சிக்கடைக்கும் பூட்டு, மதுக்கடைக்கும் பூட்டு. வாய்ப்பேச்சில் அது ‘போயா’தான். “நாளைக்குப் போயா, இண்டைக்கே இறைச்சி வாங்கி வையுங்கோ” என்பார்கள். அச்சுக்குப் போகும்போதுதான் அது நோன்மதி ஆகிறது.

‘போயா’ பாளி மொழியின் ‘உபோசத’விலிருந்து வந்த சிங்களச் சொல். விரதநாள் என்பது பொருள். நிலவு அந்தச் சொல்லில் இல்லை. தமிழ் நோன்பை வைத்துக்கொண்டு மதியையும் கூடச் சேர்த்தது. நியாயமான சேர்க்கைதான். 1966 முதல் 1971 வரை இலங்கையில் ஞாயிறு விடுமுறையே இல்லை, போயா நாட்களே வார விடுமுறை. கொழும்பு அலுவலகங்கள் நிலவைப் பார்த்துத் திறந்து மூடிய காலம் அது.

பேச்சில் யாரும் மதி என்பதில்லை. நிலா, நிலவு, சந்திரன் போதும். மதி பாட்டுக்கும் வளர்மதி, மதிவதனி போன்ற பெயர்களுக்கும் என்று ஒதுங்கிய சொல். மதித்தல் என்றால் அளவிடுதல். நாளை அளந்து காட்டுவதால் மதி என்று அறிஞர் சிலர் கொள்வர். ஆங்கிலத்தில் நிலவையும் மாதத்தையும் குறிக்கும் சொற்களும் அளத்தல் என்ற வேரோடு உறவுள்ளவையே.

ஒதுங்கிய அந்தச் சொல்லுக்குத்தான் இலங்கையில் புது வேலை கிடைத்தது. 1957 அக்டோபர் 4 அன்று 83.6 கிலோ எடையுள்ள ஸ்புட்னிக் பூமியைச் சுற்றத் தொடங்கியது. அத்தகைய பொருளைத் தமிழ்நாடு ‘செயற்கைக்கோள்’ என்கிறது. இலங்கைத் தமிழர் சொல்வது ‘செய்மதி’.

செய்மதி வினைத்தொகை. செய்த மதி, செய்கின்ற மதி, செய்யும் மதி என்று மூன்று காலமும் உள்ளே மறைந்து நிற்கின்றன. செயற்கைக்கோளுக்கு ஏழெழுத்து, இதற்கு நான்கே. தலைப்புக்கு இடம் தேடும் உதவி ஆசிரியருக்கு இது பெரிய உதவி. சுருக்கத்திலும் அழகிலும் செய்மதியே முந்துகிறது. பக்கத்து மொழியும் நிலவிடமே போயிருக்கிறது: சிங்களத்தில் செய்மதிக்குப் பெயர் ‘சந்திரிகாவ’.

கொட்டாஞ்சேனை மாடிவீட்டுக் கூரையில் இருப்பதை வீட்டுக்காரர் ‘டிஷ்’ என்பார். செய்தி வாசிப்பவருக்கு அது ‘செய்மதித் தொலைக்காட்சி’. புயல் வந்தால் ‘செய்மதிப் படம்’. கவிதைச் சொல் என்று யாரும் தயங்குவதில்லை.

2019 ஜூன் 16 பொசன் முழு நோன்மதி. மறுநாள் 17ஆம் திகதி, சர்வதேச விண்வெளி நிலையத்திலிருந்து இராவணா-1 சுற்றுப்பாதையில் விடப்பட்டது. ஜப்பானின் கியூஷு தொழில்நுட்ப நிறுவனத்தில் இலங்கைப் பொறியியலாளர் இருவர் உருவாக்கிய செய்மதி அது. எடை ஏறக்குறைய ஒரு கிலோ, சுற்றிய உயரம் சுமார் 400 கிலோமீட்டர். அதற்கும் மேலே, சுமார் 3,84,000 கிலோமீட்டர் தொலைவில், பொசன் நிலவு அன்றிரவும் வட்டம் குறையாமல் நின்றது.