திருத்துவோரைத் திருத்துவது யார்?

தேர்விலே தோற்ற மாணவனைக் கண்டு, "அவன் தலையெழுத்து அப்படி" என்று கூறிப் பெருமூச்செறிவோர் இன்றும் உளர். அந்த எழுத்தை எழுதியவன் எங்கோ மேலுலகிலே இல்லை; சிவப்பு மைப் பேனாவுடன் இங்கேதான் அமர்ந்திருக்கிறான். பசியும் களைப்பும், விருப்பும் வெறுப்பும் உடைய மனிதன் அவன். மாணவனைத் தேர்வு செய்ய ஆயிரம் விதி வகுத்த உலகம், அந்தத் தேர்வாளனை என்றைக்குத் தேர்வு செய்தது? வரலாற்றைப் புரட்டுவோம்.

சீனத்திலே, சொங் அரசர் காலத்திலேயே இந்த ஐயம் எழுந்தது. அரசுப் பணித் தேர்வின் விடைத்தாளிலே எழுதியவன் பெயரை மூடி ஒட்டினர். கையெழுத்தைக் கொண்டும் ஆளை அறியக்கூடும் என்பதால், எழுத்தரைக் கொண்டு விடை முழுவதையும் படியெடுத்து, அந்தப் படியையே தேர்வாளரிடம் தந்தனர். முகத்தாட்சண்யத்துக்கு வாயில் அடைபட்டது. ஆனால், நேர்மையான தேர்வாளனும் தவறக்கூடுமே! பெயரை மறைப்பது மட்டும் அந்தத் தவற்றைத் தடுக்காது. அந்தத் தேர்வுமுறையும் 1905இல் ஒழிக்கப்பட்டது.

இங்கிலாந்திலே, பரிந்துரைக் கடிதத்தால் பதவி பெறும் வழக்கத்தை ஒழிக்குமாறு 1854இல் நார்த்கோட் – டிரெவெலியன் அறிக்கை கூறிற்று. அடுத்த ஆண்டே இந்திய ஆட்சிப் பணிக்குப் போட்டித் தேர்வு வந்தது. 1857இல் தோன்றிய சென்னைப் பல்கலைக் கழகமும் இலண்டன் பல்கலைக் கழகத்தைப் பின்பற்றித் தேர்வு நடத்திப் பட்டம் வழங்கும் அமைப்பாகவே பிறந்தது. பிறப்பு தந்த பதவியைப் படிப்பு தரட்டும் என்பது நல்ல மாற்றமே. ஆயினும் மதிப்பெண்ணை மறுக்கொணாத மறைமொழியாக மக்கள் நம்பத் தலைப்பட்டனர்.

அந்த நம்பிக்கையை முதலில் அசைத்தவர்களுள் ஒருவர் எட்ஜ்வொர்த் என்னும் பொருளியல் அறிஞர். அளவுகோலால் அளப்பதிலே பிழை நேர்வதுபோல மதிப்பெண்ணிலும் பிழை உண்டு, அதனைக் கணக்கிடவும் முடியும் என்று 1888இல் எழுதினார். அமெரிக்காவிலே ஸ்டார்ச், எலியட் என்ற இருவர் 1913இல் வெளியிட்ட ஆய்வோ திகைக்க வைத்தது. ஒரே வடிவ கணித விடைத்தாளை நூற்றுக்கும் மேற்பட்ட ஆசிரியரிடம் தந்தனர். ஒருவர் 28 தந்தார். மற்றொருவர் 90க்கும் மேல் தந்தார். கணக்கிலேயே இந்தக் கதி என்றால், கட்டுரையின் கதி என்ன?

டாக்கா பல்கலைக் கழகத்தின் முதல் துணைவேந்தராக இருந்த பிலிப் ஹார்டாக், ரோட்ஸ் என்பாருடன் சேர்ந்து 1935இல் இன்னும் ஆழமாகச் சென்றார். முன்னரே ஒரே மதிப்பெண் பெற்றிருந்த 15 வரலாற்று விடைத்தாள்களை 15 தேர்வாளர் திருத்தினர். ஓராண்டுக்கும் மேல் கழிந்தபின், அவர்களுள் 14 பேர் அதே தாள்களை மீண்டும் திருத்தினர். மொத்தம் 210 தீர்ப்புகள். அவற்றுள் 92 மாறிவிட்டன! தேறியவன் தோற்றான், தோற்றவன் தேறினான். மாணவன் மாறவில்லை, விடை மாறவில்லை, திருத்தியவர்கூட மாறவில்லை. தலையெழுத்து மட்டும் மாறிற்று!

அவர்கள் தீயவரல்லர். மதிப்பிடுதல் தனியொரு கலை; அதனை அவர்களுக்கு எவரும் கற்பிக்கவில்லை. பாடம் தெரிந்தவனுக்கு அளக்கவும் தெரியும் என்று எண்ணியதே பிழை.

2002இல் இங்கிலாந்தின் மேனிலைத் தேர்விலே தரவரிசை எல்லைகள் குறித்துப் பெருங்குழப்பம் எழுந்தது. ஏறத்தாழ 2,000 மாணவரின் தரம் பின்னர் உயர்த்தப்பட்டது. விசாரித்த டாம்லின்சன், தேர்வாளர் பணியை முறையான தொழிலாக்க வேண்டும் என்றார். 2006இல் கல்வி மதிப்பீட்டாளருக்கென ஒரு கழகம் தோன்றி, 2008இல் அரச சாசனம் பெற்றது. மருத்துவருக்கும் பொறியாளருக்கும் இருப்பதுபோல், உறுப்பினராகச் சேர்ந்து, பயிற்சி பெற்று, ஒழுக்க நெறிக்கு உட்பட்டு, தகுதியை மெய்ப்பித்தால் பட்டய மதிப்பீட்டாளர் என்னும் சிறப்பை அடையலாம். எட்ஜ்வொர்த் எச்சரித்து 120 ஆண்டுகள் கழித்து வந்த ஏற்பாடு இது!

உறுப்பினர் சீட்டு ஒன்றே நடுநிலையைத் தந்துவிடாது. சங்கம், தன்னவரைக் காக்கும் கோட்டையாகவும் மாறலாம். அதனைத் தடுப்பது தொடர்ந்த பயிற்சியும், ஒருவர் திருத்தியதை மற்றவர் சரிபார்க்கும் வழக்கமும், பிழையை ஒப்புக்கொள்ளும் துணிவுமே ஆகும்.

நாமும் ஆசிரியர்கள்; நாமும் திருத்துகிறோம். விளக்கொளியிலே கட்டின் முதல் தாளைப் பொறுமையுடன் படித்த நாம், நாற்பதாவது தாளை அதே பொறுமையுடன் படித்தோமா? ஒருமுறை, திருத்திய தாள்களுள் சிலவற்றை மதிப்பெண்ணை மறைத்து மறுவாரம் மீண்டும் திருத்தினோம். இரண்டு தாள்களிலே நமக்கு நாமே முரண்பட்டோம். வெட்கினோம், அன்று முதல் விடைக்குறிப்பை எழுதி வைத்துக்கொண்டுதான் பேனாவைத் திறக்கிறோம்.

தோழர்களே! எதனையும் ஏன், எப்படி என்று கேட்கக் கற்றவர்கள் நாம். அந்தக் கேள்வியை நம் கையிலுள்ள சிவப்புப் பேனாவிடமும் கேட்போம். தலையெழுத்து என்று ஒன்றில்லை என ஊருக்கு உரைக்கும் நாம், ஒரு பிள்ளையின் தலையிலே தவறாக ஒன்றை எழுதிவிடலாகாது.