இந்தியக் கால்பந்துக்கு ஓர் ஆசான்

2025-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில், தேசியக் கால்பந்துக் குழுவுக்குத் தலைமைப் பயிற்றுநர் ஒருவர் தேவையென்று அகில இந்தியக் கால்பந்துச் சம்மேளனம் விளம்பரம் செய்தது. 170 விண்ணப்பங்கள் வந்து குவிந்தன. உலகப் புகழ் வாய்ந்த ஸ்பானியப் பயிற்றுநர் இருவரின் பெயர்களும் அவற்றுள் இருந்தன; அவ்விரண்டும் மெய்யானவை அல்ல என்று சம்மேளனமே பின்னர் அறிவிக்க நேர்ந்தது. குவியலைச் சலித்து மூன்று பெயர்களை முன்வைத்தது, கேரளத்தின் ஐ. எம். விஜயன் தலைமையிலான தொழில்நுட்பக் குழு. முன்னரே இருமுறை இப்பதவியை வகித்த ஸ்டீபன் கான்ஸ்டன்டைன் ஒருவர். ஸ்லோவாகிய நாட்டுக் குழுவைப் பயிற்றிய ஸ்டெபான் தார்க்கோவிச் மற்றொருவர். இந்தியரான காலித் ஜமில் மூன்றாமவர். ஆகஸ்டு முதல் நாள் காலித் ஜமில் தேர்ந்தெடுக்கப்பட்டார். பதின்மூன்று ஆண்டுகளுக்குப் பின் இந்தியர் ஒருவர் அப்பதவிக்கு வந்தது பற்றிப் பலர் மகிழ்ந்தனர், சிலர் ஐயுற்றனர்.

நம்மவரா, அயலவரா என்னும் இந்த வழக்கு நம் கால்பந்து உலகில் அறுபது ஆண்டுகளாக நடந்து வருகிறது. கல்கத்தா மைதானத்தைச் சுற்றி வாழும் தமிழ் அன்பர்களும், பம்பாய்க் கூப்பரேஜ் அரங்கில் மாலை வேளைகளைக் கழித்த நேயர்களும் இதைப் பலமுறை கேட்டிருப்பார்கள். ஆயினும் வழக்கின் இரு தரப்பாரும் தவறாமல் எடுத்துக்காட்டும் பெயர் ஒன்றே. அப்பெயர் சையத் அப்துல் ரஹீம். அவர் எவ்வாறு அப்பதவிக்குத் தகுதியானார், அவருக்குப் பின் வந்த தேர்வுகளில் எது விடுபட்டது என்பதைச் சற்று விரிவாகப் பார்ப்போம்.

முதலில் பெயர் பற்றி ஒரு சொல். மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட நமக்கு இப்பதவியின் பெயரே ஒரு சிக்கல். இங்கிலாந்தில் 'மானேஜர்' என்றால் ஆட்டக்காரரைத் தெரிந்தெடுப்பவரும் ஆட்டமுறையை வகுப்பவரும் அவரே. நம் நாட்டிலோ குழுவுடன் செல்லும் 'மானேஜர்', பயணச்சீட்டையும் தங்கும் விடுதியையும் கவனிப்பவர். ஆட்டத்தைக் கற்பிப்பவர் 'கோச்'. ஆங்கிலேயரிடமும் இந்தப் பொறுப்பு எளிதில் ஒருவர் கைக்கு வந்துவிடவில்லை. 1946-இல் வால்ட்டர் வின்டர்பாட்டம் அங்கே முதல் மானேஜராக அமர்ந்தபோதும், ஆட்டக்காரரைத் தெரிந்தெடுத்தது ஒரு குழுவே. 1962-இல் நியமனம் பெற்ற ஆல்ஃப் ராம்சே, தெரிவு முழுவதும் தம்மிடமே இருக்கவேண்டுமென்று கேட்டுப் பெற்றார். 1966-இல் இங்கிலாந்து உலகக் கோப்பையை வென்றது. பதவியின் பெயரைவிட அதனுள் அடங்கிய அதிகாரமே பெரிது என்பதற்காக இதைக் குறிப்பிட்டோம்.

விடுதலை பெற்ற இந்தியா முதன்முதலாக ஒலிம்பிக் கால்பந்தில் ஆடியது 1948-இல், லண்டனில். பயிற்றுநர் பலாய்தாஸ் சட்டர்ஜி. தலைவர் நாகர் இனத்தவரான தாலிமெரென் ஆவ். நம்மவருள் பெரும்பாலோர் வெறுங்காலுடன் ஆடி, பிரெஞ்சுக் குழுவிடம் இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில் தோற்றனர். அந்த ஒரு கோலை அடித்தவர் சாரங்கபாணி ராமன். இரண்டு பெனால்டி வாய்ப்புகள் வீணாகாமல் இருந்திருந்தால் முடிவு வேறாயிருக்கும்.

ரஹீம் பொறுப்பேற்றது 1950-இல். 1909-இல் ஹைதராபாத்தில் பிறந்த அவர் தொழிலால் பள்ளி ஆசிரியர். 1943 முதல் ஹைதராபாத் கால்பந்துச் சங்கத்தின் செயலாளர். அந்நகரின் போலீஸ் குழுவை அவர் பயிற்றினார். 1950 முதல் 1954 வரை ஐந்து ஆண்டுகள் தொடர்ந்து ரோவர்ஸ் கோப்பை அக்குழுவின் கைக்கே வந்தது. இப்புகழே அவரை நாட்டுக்கு அறிமுகப்படுத்தியது எனலாம். நம் கருத்தில், அவருடைய உண்மையான தகுதி வேறோர் இடத்தில் இருந்தது.

சங்கச் செயலாளர் என்ற முறையில் இளைஞர்களுக்கென அவர் சில விந்தையான பந்தயங்களை ஏற்படுத்தினார். ஒரு பந்தயத்தில் பந்தைக் காலோடு உருட்டிச் செல்லுதல் கூடாது. வந்த பந்தை உடனே தோழனுக்குத் தட்டிவிட வேண்டும். மற்றொன்றில் எந்தக் கால் பலவீனமோ அந்தக் காலால் மட்டுமே உதைக்க வேண்டும். வலக்கால் வீரன் இடக்காலால் ஆடித் தடுமாறுவதைக் கண்டு வேடிக்கை பார்க்க வந்தோர் சிரித்திருக்கக்கூடும். ஆனால் அவ்வாறு தடுமாறிய சிறுவர்களே சில ஆண்டுகளில் இரு காலும் ஒப்ப வல்ல ஆட்டக்காரர்களாயினர். பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்தியவர் மைதானத்திலும் பாடத்திட்டம் வகுத்தார். ஆகவே, 1950-இல் இந்தியாவுக்குக் கிடைத்தவர் தனி மனிதர் ஒருவர் மட்டுமல்லர். அவருடன் ஒரு நகரத்தின் பட்டறையும் சேர்ந்து கிடைத்தது.

அந்தப் பட்டறையில் உருவானவர்களுள் துளசிதாஸ் பலராம் ஒருவர். செகந்தராபாத்தை அடுத்த அம்முகூடாவில் 1936-இல் தமிழ்ப் பெற்றோருக்குப் பிறந்தவர். வறிய குடும்பம். பயிற்சிக்கு ஹைதராபாத் வரை வந்துபோகப் பணமில்லாத அச்சிறுவனுக்கு, மிதிவண்டி வாடகைக்கென்று ரஹீம் நாள்தோறும் ஒரு ரூபாய் கொடுத்துவந்தார் என்பர். ஒரு பள்ளி ஆசிரியரின் சம்பளத்தில் அந்நாளைய ஒரு ரூபாய் சிறு தொகையன்று. பலராம் மெல்போர்ன், ரோம் ஆகிய இரண்டு ஒலிம்பிக்கிலும் ஆடினார். பின்னர் வங்காளத்தையே தம் வீடாக்கிக் கொண்டு, 2023-இல் அங்கேயே மறைந்தார். பிழைப்புக்காகப் பிறந்த மண்ணை விட்டு வந்த ஒரு தமிழ்க் குடும்பத்தின் பிள்ளை, வந்த ஊரில் ஓர் ஆசானைக் கண்டடைந்த கதை இது. நம் போன்றோருக்கு இதில் தனியான ஓர் அக்கறை இருப்பது இயல்பே.

1951-இல் புதுதில்லியில் நடந்த முதல் ஆசிய விளையாட்டு விழாவில், மேவாலால் அடித்த ஒரு கோலால் ஈரானை வென்று இந்தியா தங்கம் பெற்றது. மறு ஆண்டே ஹெல்சிங்கியில் யூகோஸ்லாவியாவிடம் பத்துக்கு ஒன்று என்று நொறுங்கியது. குளிர் நாட்டில் வெறுங்காலுடன் ஆடியவர்கள் பலர். அதன் பின்னரே காலணி கட்டாயமாயிற்று. இன்றைய வழக்கப்படி, பத்து கோல் வாங்கிய குழுவின் பயிற்றுநர் தாயகம் திரும்பும் முன்பே பதவியிழந்திருப்பார். அக்காலத்தில் அவ்வாறு நடக்கவில்லை. இடையில் வேறு பயிற்றுநரும் குழுவுடன் சென்றதுண்டு. ஆயினும் 1956-இல் மெல்போர்ன் ஒலிம்பிக்குக்கு ரஹீமையே அனுப்பினர். அங்கே நெவில் டிசௌசா மூன்று கோல்களும் கிட்டு ஒன்றும் அடிக்க, ஆஸ்திரேலியாவை நான்குக்கு இரண்டு என்று வென்று இந்தியா அரையிறுதியை எட்டியது; நான்காம் இடமும் பெற்றது. ஒலிம்பிக் கால்பந்தில் இந்தியா பெற்ற மிக உயர்ந்த இடம் இன்றளவும் அதுவே.

1962-ஆம் ஆண்டின் ஜகார்த்தாவைப் பற்றிச் சொல்லாமல் இப்பேச்சு நிறைவு பெறாது. ரஹீம் புற்றுநோயால் வருந்திக்கொண்டே குழுவை அழைத்துச் சென்றார். முதல் ஆட்டத்திலேயே தென்கொரியாவிடம் தோல்வி. தாய்லாந்துடன் ஆடுகையில் பின்காப்பாளர் ஜர்னைல் சிங்கின் தலையில் அடிபட்டுத் தையல் போட நேர்ந்தது. வேறொருவராயின் அவரை ஓய்வில் இருத்தியிருப்பார். ரஹீம் அவரை அரையிறுதியில் முன்வரிசைக்கு மாற்றினார். தென் வியட்நாமுக்கு எதிராக அவரும் ஒரு கோல் அடித்தார். இறுதி ஆட்டத்தில் மீண்டும் தென்கொரியா. அரையிறுதியில் கோல் காத்த பிரத்யுத் பர்மனை விடுத்து, காய்ச்சலிலிருந்து எழுந்த பீட்டர் தங்கராஜைக் களத்தில் நிறுத்தினார். உயரமான தங்கராஜ், மதராஸ் ரெஜிமென்டில் சேர்ந்த காலத்தில் முன்னணி ஆட்டக்காரராக இருந்து பின்னர் கோல்காப்பாளராக மாறியவர். போட்டியமைப்பு பற்றி இந்திய அதிகாரி ஒருவர் கூறிய சொல்லால் சினங்கொண்டிருந்த பெருங்கூட்டம், செப்டம்பர் 4-ஆம் நாள் அரங்கு முழுவதும் நம்மவருக்கு எதிராகக் கூச்சலிட்டது. பி. கே. பானர்ஜி ஒரு கோல். தையல் போட்ட தலையுடன் ஜர்னைல் சிங் ஒரு கோல். இரண்டுக்கு ஒன்று என்று வென்றோம்.

இவ்விரு முடிவுகளையும் ஒரு தேர்வுக் குழு கூடி எடுத்திருக்க முடியுமா என்பதை நேயர்களே எண்ணிப் பார்க்கலாம். ஒவ்வொரு வீரனையும் பல ஆண்டுகளாக அருகிருந்து பார்த்த கண்ணுக்கே அத்துணிவு வரும். 1963 ஜூன் 11-ஆம் நாள் ரஹீம் காலமானார். அவருக்குப் பின் யார் என்னும் கேள்விக்கு எவரிடமும் விடை ஆயத்தமாக இல்லை.

1964-இல் ஆங்கிலேயரான ஹாரி ரைட் வந்தார். நான்கே நாடுகள் ஆடிய ஆசியக் கோப்பையில் இந்தியா இரண்டாம் இடம் பெற்றது. ரஹீம் ஆக்கிவைத்த வீரர்களே அக்குழுவின் தூண்கள். பின்னர் வந்த வரிசை நீண்டது. முழுவதும் கூறின் சலிப்புத் தட்டும். 1982-இல் தில்லி ஆசிய விளையாட்டு விழாவுக்கு ரஹீமின் மாணவரான பி. கே. பானர்ஜி பயிற்றுநரானார், கால் இறுதியில் சவூதி அரேபியாவிடம் ஒரே கோலில் ஆட்டம் போயிற்று. யூகோஸ்லாவியரான மிலோவான் சிரிச், 1984-இல் குழுவை ஆசியக் கோப்பைக்குக் கொண்டு சேர்த்தார். சுக்விந்தர் சிங்கின் குழு 2001-இல் பெங்களூரில் ஐக்கிய அரபு அமீரகத்தை வென்றது. பாப் ஹௌட்டன் 2006 முதல் ஐந்தாண்டு இருந்து 2011-ஆம் ஆண்டின் ஆசியக் கோப்பைக்கு இடம் பெற்றுத் தந்தார். கான்ஸ்டன்டைன் இரண்டாம் முறை வந்த 2015-இல் உலகத் தரவரிசையில் 173-ஆம் இடத்தில் இருந்த இந்தியா, 2017 ஜூலையில் 96-ஆம் இடத்துக்கு ஏறியது.

இதைக் கொண்டு அயலவரே மேல் என்போர் உளர். நாம் இதில் காண்பது வேறு. நம்மவராயினும் அயலவராயினும், சில ஆண்டுகளேனும் நிலைத்திருக்க விட்டபோது ஏதோ ஒன்று விளைந்தது. ஆனால் அவர் போன மறுநாள் அது அவருடனேயே போய்விட்டது. காரணம் தெளிவு. வந்தவர்கள் எவருக்கும் ஹைதராபாத் போன்ற ஒரு பட்டறை பின்னணியில் இல்லை. அதைக் கட்டும் பொறுப்பும் அவர்களிடம் ஒப்படைக்கப்படவில்லை. அடுத்த ஆட்டத்தின் முடிவுக்கே அவர்கள் பதில் சொல்ல வேண்டியிருந்தது.

அண்மை ஆண்டுகளில் இது இன்னும் விரைந்தது. 2019-இல் வந்த குரோஷியரான இகோர் ஸ்டிமாச், 2024 ஜூனில் நீக்கப்பட்டார். ஒப்பந்தம் முடியுமுன் நீக்கியதற்காகச் சம்மேளனம் 4 லட்சம் டாலர் கொடுத்து வழக்கைத் தீர்த்துக்கொண்டது. அத்தொகைக்கு எத்தனை ஊர்களில் சிறுவர் பந்தயங்கள் நடத்தியிருக்கலாம் என்று கணக்கிட மனம் தூண்டுகிறது. அடுத்து வந்த ஸ்பானியர் மனோலோ மார்க்கேஸ், கோவாக் குழு ஒன்றையும் பயிற்றிக்கொண்டே நாட்டுக் குழுவையும் பார்த்துக்கொண்டார். எட்டு ஆட்டங்களில் ஒரே ஒரு வெற்றி. 2025 ஜூலையில் அவரும் விலகினார். அதன் பின்னரே, தொடக்கத்தில் நாம் கூறிய அந்த 170 விண்ணப்பங்கள் வந்தன.

காலித் ஜமில், மிசோரத்தின் சிறிய ஐஸால் குழுவை 2017-இல் ஐ-லீக் வாகையராக்கிக் காட்டியவர். பொறுப்பேற்ற அடுத்த திங்களிலேயே, மத்திய ஆசிய நாடுகளின் கோப்பைப் போட்டியில் ஓமனைப் பெனால்டி உதைகளில் வென்று மூன்றாம் இடம் பெற்றார். செய்தித்தாள்கள் பாராட்டின. அக்டோபர் 14-ஆம் நாள் மட்காவில் சிங்கப்பூரிடம் ஒன்றுக்கு இரண்டு என்று தோற்று, 2027-ஆம் ஆண்டின் ஆசியக் கோப்பைக்கு இடம் பெறும் வாய்ப்பை இந்தியா இழந்தது. நவம்பரில் டாக்காவில் வங்காளதேசத்திடமும் தோல்வி. நம்மவரா, அயலவரா என்ற பழைய வழக்கு மீண்டும் எழுந்தது. ஹைதராபாத்தில் பலவீனமான காலால் உதைக்கும் பந்தயத்தை இன்று யார் நடத்துகிறார்கள் என்று அந்த வழக்கின் நடுவே எவரும் கேட்டதாகத் தெரியவில்லை.