சுழலும் பீப்பாயின் கதை

கறுத்த மேகம் திரண்டு மழை கொட்டத் தொடங்கினால் திரையில் படம் கட்டம் கட்டமாக உடையும். சற்று நேரத்தில் ஒன்றுமே தெரியாது. துணைக்கோளத் தொலைக்காட்சி வைத்திருக்கும் மலேசியக் குடும்பங்களுக்கு இது பழகிப்போன சங்கதி. நாடகத்தின் முக்கியமான கட்டத்தில் இப்படி ஆகிவிட்டதே என்று நொந்துகொள்பவர்கள் பலர். ஆனால் இந்த வட்டார மழையை மனத்தில் வைத்துத்தான் ஒரு துணைக்கோளத்துக்குக் கூடுதல் வலு சேர்க்கப்பட்டது என்பதை அறிந்தவர்கள் குறைவு. 1996 ஜனவரியில் பிரெஞ்சு கயானாவின் கூரூ தளத்திலிருந்து விண்ணுக்குச் சென்ற மீசாட்-1தான் அது.

மீசாட்-1 தனிப்பிறவி அல்ல. அமெரிக்காவின் ஹியூஸ் நிறுவனம் கலிபோர்னியாவில் உருவாக்கிய ஒரு பெரிய குடும்பத்தின் வாரிசு. அந்தக் குடும்பத்தில் எல்லாருக்கும் ஒரே முகச்சாயல். எண்ணெய்ப் பீப்பாய் போன்ற உடல், அதைச் சுற்றிலும் ஒட்டிய சூரிய மின்கலங்கள், தலையில் ஓர் அலைவாங்கி. பீப்பாய் மட்டும் பம்பரம்போல் ஓயாமல் சுழன்றுகொண்டிருக்கும்.

ஏன் சுழல வேண்டும்? பம்பரம் சுழலும்வரை சாயாது. விண்வெளியிலும் அதே விதிதான். கனமான கருவிகள் இல்லாமலே துணைக்கோளம் திசை மாறாமல் நிற்கும். வெயில் ஒரு பக்கத்தை மட்டும் சுடாது. 1950களின் கடைசியில் ஹெரால்ட் ரோசன் என்ற பொறியாளர் இந்த எளிமையைத்தான் பிடித்துக்கொண்டார். பூமியிலிருந்து சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில் நிறுத்தினால் ஒரு துணைக்கோளம் பூமியோடு சேர்ந்தே சுற்றி, ஒரே இடத்தில் நிற்பதுபோல் தோன்றும். அவ்வளவு தொலைவுக்கு அன்றைய ராக்கெட்டுகளால் கனமான பொருளைத் தூக்க முடியாது. ரோசனும் அவருடைய சகாக்களான டான் வில்லியம்ஸ், தாமஸ் ஹட்ஸ்பெத் ஆகியோரும் 40 கிலோவுக்குள் அடங்கும் துணைக்கோளம் சாத்தியம் என்றனர்.

நிறுவனம் தயங்கியது. அத்தனை உயரத்துக்குப் போய்த் திரும்பும் தொலைபேசிப் பேச்சு கால் விநாடி தாமதமாகும், மக்கள் அதைச் சகிக்கமாட்டார்கள் என்று வல்லுநர்கள் வாதிட்டனர். வில்லியம்ஸ் தம் சொந்தப் பணம் 10,000 டாலருக்குக் காசோலை எடுத்துக்கொண்டு ஹியூஸ் தலைவர் பேட் ஹைலண்டின் அறைக்கே போனார். சம்பளக்காரர் ஒருவர் தம் சேமிப்பை முதலாளியின் மேசையில் வைப்பது சாதாரண நம்பிக்கையில் நடக்கிற காரியமா?

1963 பிப்ரவரியில் ஏவப்பட்ட சின்காம்-1 தொடர்பு அறுந்து தொலைந்துபோனது. அதே ஆண்டு ஜூலையில் சின்காம்-2 வென்றது. 1964இல் சின்காம்-3 தோக்கியோ ஒலிம்பிக்கை அமெரிக்காவுக்கு அனுப்பியது. 1965இல் ஏவப்பட்ட 'ஏர்லி பேர்ட்' 240 தொலைபேசி அழைப்புகளை, அல்லது ஒரே ஒரு தொலைக்காட்சி ஒளிபரப்பைச் சுமந்தது.

இந்த முதல் தலைமுறையில் ஒரு வீண்செலவு இருந்தது. அலைவாங்கியும் உடலோடு சேர்ந்தே சுழன்றதால் அலையில் பெரும்பகுதி வெற்று வெளிக்குப் போனது. அலைவாங்கி அசையாமல் பூமியைப் பார்க்க, உடல் மட்டும் சுழல வேண்டும். அத்துடன் மின்கலங்கள் ஒட்டப் பீப்பாய் உயரமாகவும் வேண்டும். ஆனால் நீண்டு மெலிந்த பொருள் விண்ணில் சுழன்றால் தடுமாறிக் குட்டிக்கரணம் போடும். 1958இல் எக்ஸ்புளோரர்-1 தந்த பாடம் அது. ஹியூஸ் பொறியாளர் ஆன்டனி ஐயோரில்லோ இதற்கு விடை கண்டார். சுழலாத பகுதியில் தள்ளாட்டத்தை உறிஞ்சும் அமைப்பைப் பொருத்தினால் உயரமான பீப்பாயும் நிலையாக நிற்கும் என்று கணக்கிட்டுக் காட்டினார். 1969இல் அமெரிக்க ராணுவத்தின் டாக்சாட் அதை மெய்ப்பித்தது.

அதன்பிறகு துணைக்கோளம் வல்லரசுகளின் தனிச்சொத்தாக இருக்கவில்லை. 1972இல் கனடாவின் அனிக், 1974இல் அமெரிக்காவின் வெஸ்டார், 1976 ஜூலையில் இந்தோனேசியாவின் பாலாப்பா என மூன்றும் ஒரே வார்ப்பில் வந்தவை. ஆயிரக்கணக்கான தீவுகளுக்குக் கடலடிக் கம்பி போடுவது நடக்கிற வேலையா? வடிவமைப்பு ஏற்கெனவே சோதிக்கப்பட்டது என்பதால் வளரும் நாடு ஒன்றும் அதை நம்பி வாங்க முடிந்தது. நுசந்தாராவை ஒன்றாக்கும்வரை பாலாப்பாவைச் சுவைப்பதில்லை என்று மஜபாஹித் பேரரசின் அமைச்சர் கஜா மாடா எடுத்த சபதத்திலிருந்து வந்த பெயர் அது. பொருத்தமான பெயர்தான்.

குடும்பத்தின் புகழ்பெற்ற பிள்ளை எச்.எஸ்.376. முதலாவது 1980 நவம்பரில் ஏவப்பட்டது. பீப்பாயின் மேல் இன்னொரு பீப்பாயை உறைபோல் மாட்டியிருந்தார்கள். விண்ணுக்குப் போனதும் வெளியுறை கீழே இறங்கும், மின்கலப் பரப்பு ஏறக்குறைய இருமடங்காகும். பொறியாளர்கள் அதற்கு வைத்த செல்லப் பெயர் 'பாவாடை'! 2.8 மீட்டரில் அடங்கும் உருவம் விரிந்தால் 6.6 மீட்டர். விண்வெளி ஓடத்தில் பிடிக்கும் இடத்தைப் பொறுத்தும் கட்டணம் என்பதால், குட்டையாக மடங்குவது காசு மிச்சம்.

1984 பிப்ரவரியில் சேலஞ்சர் ஓடம் இறக்கிவிட்ட வெஸ்டார்-6, பாலாப்பா பி2 ஆகிய இரண்டுமே உந்து மோட்டார் பழுதால் உயரே போக முடியாமல் தாழ்வான பாதையில் சிக்கின. காப்புறுதி நிறுவனங்கள் சுமார் 18 கோடி டாலர் இழப்பீடு கொடுத்தன. அந்தப் பொருள்களை அப்படியே விட்டுவிட அவற்றுக்கு மனமில்லை. நவம்பரில் டிஸ்கவரி ஓடம் தேடிப் போனது. தரையிலிருந்து கட்டளை அனுப்பித் துணைக்கோளங்களின் சுழற்சியைக் குறைத்தார்கள். ஜோசப் ஆலன் பறந்து சென்று, நீண்ட ஈட்டி போன்ற கருவியைப் பாலாப்பாவின் மோட்டார் வாய்க்குள் செருகிப் பிடித்தார். ஆனால் அதை ஓடத்தில் பூட்டக் கொண்டுபோன சட்டம் பொருந்தவில்லை. வேறு வழியின்றி ஆலன் அரை டன்னுக்கு மேற்பட்ட அந்தப் பொருளைக் கைகளாலேயே பிடித்திருந்தார், ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம், பூமியை ஒருமுறை சுற்றி முடிக்கும்வரை. சக வீரர் டேல் கார்ட்னர் அடியில் பூட்டுப் போட்டார். இரண்டு நாள் கழித்து வெஸ்டாரும் பிடிபட்டது. 'விற்பனைக்கு' என்ற அட்டையோடு இருவரும் படம் எடுத்துக்கொண்டார்கள்.

அட்டை வேடிக்கைக்குத்தான். ஆனால் விற்பனை உண்மையாகவே நடந்தது. செப்பனிடப்பட்ட வெஸ்டார்-6, ஆசியாசாட்-1 என்ற புதுப்பெயரில் 1990 ஏப்ரலில் சீன ராக்கெட்டில் மீண்டும் ஏறியது. ஹாங்காங்கின் ஸ்டார் டிவி 1991இல் ஒளிபரப்பானது அதன் வழியாக, 1992இல் இந்தியாவின் ஜீ டிவியும் அதிலேயே. காணாமற்போய் மீட்கப்பட்ட பீப்பாய் ஆசியாவின் வரவேற்பறைகளை மாற்றியது.

மலேசியாவில் அப்போது தனியார் டிஷ் வைக்க அனுமதி இல்லை. 1996இல் சிறிய டிஷ்ஷுக்கு வழி திறந்தது. கூரையோரம் மாட்டும் 60 செண்டிமீட்டர் தட்டு போதும் என்றால், வானிலிருந்து வரும் அலை வலுவாக இருக்க வேண்டும். அதற்கு ஏற்ற கேயூ அலைவரிசைக்கோ மழைத்துளி பரம எதிரி. பீப்பாயின் பழைய பலவீனம் இங்கேதான் இடித்தது. சுழலும் உருளையில் எந்த நேரத்திலும் மூன்றில் ஒரு பங்கு மின்கலத்துக்கே முழுப்பயன். முதல் எச்.எஸ்.376களுக்குக் கிடைத்தது சுமார் 1,000 வாட், ஓர் இஸ்திரிப் பெட்டிக்குப் போதும். சுழலாமல் சிறகு விரிக்கும் துணைக்கோளங்களில் எல்லா மின்கலமும் வெயிலைப் பார்க்கும். ஹியூஸே எச்.எஸ்.601 என்ற சிறகுக் குடும்பத்தை 1992இல் விண்ணேற்றிவிட்டது.

ஆனாலும் மீசாட்-1க்குப் பீப்பாயே தேர்வானது. சிலிக்கானுக்குப் பதில் கேலியம் ஆர்சினைடு மின்கலங்களைப் பதித்து அதன் வலுவை உயர்த்தினார்கள். ஆஸ்ட்ரோவும் அதன் தமிழ் ஒளியலையான வானவில்லும் அந்த வலுவில்தான் வீடுகளுக்கு வந்தன. கனமழை இன்னும் வெல்கிறது என்பது வேறு விஷயம். பீப்பாயின் எல்லை அதுவாக இருந்தது. 2006 டிசம்பரில் சென்ற மீசாட்-3 சிறகு விரித்த போயிங் 601 வகை. ஹியூஸின் துணைக்கோளப் பிரிவைப் போயிங் 2000இலேயே வாங்கியிருந்தது. மீசாட்-1 பிறகு ஆப்பிரிக்காசாட்-1 என்ற பெயரில் மேற்கே நகர்த்தப்பட்டது.

ஐம்பதுக்கு மேற்பட்ட எச்.எஸ்.376களில் கடைசியானது ஐரோப்பாவின் இ-பேர்ட். 2003 செப்டம்பரில் கூரூவிலிருந்தே அது கிளம்பியது. அதே ராக்கெட்டில் அதனுடன் பயணம் செய்தது இந்தியா தானே கட்டிய இன்சாட்-3இ. அது சுழலாத வகை.