ரப்பர் பேண்டில் பறந்த சரித்திரம்

பிறந்தநாளுக்குப் பிள்ளைகள் ட்ரோன் கேட்கிற காலம் இது. பெட்டியைப் பிரித்து, சார்ஜ் போட்டு, பொத்தானை அமுக்கினால் பறக்கும். அதைக் குறை சொல்ல வரவில்லை. ஆனால் பறக்க விட ஆசைப்பட்டால் முதலில் உட்கார்ந்து செய்தாக வேண்டும் என்றிருந்த காலம் ஒன்று உண்டு. அந்தக் கதையைத்தான் சொல்லப் போகிறேன்.

1871 ஆகஸ்ட் 18. பாரிஸ் நகரின் டூலரி தோட்டம். அல்ஃபோன்ஸ் பெனோ என்ற 21 வயது இளைஞர் சின்னதாக ஒரு விமானத்தைப் பறக்க விட்டார். எடை வெறும் 16 கிராம். முறுக்கிய ரப்பர்தான் எஞ்சின். 11 நொடிகளில் ஏறக்குறைய 40 மீட்டர் போனது. இவ்வளவுதானா என்று தோன்றும். யாரும் பிடித்து ஓட்டாமல், சாயாமல், தானே சமநிலையில் பறந்ததுதான் அதிலே விசேஷம். மனிதன் ஏறிய விமானம் பறக்க அப்போது இன்னும் 32 வருடங்கள் பாக்கி!

அந்த விமானத்துக்கும் ஒரு தொடர்பு இருக்கிறது. பெனோவின் ரப்பர் ஹெலிகாப்டரைப் பார்த்துச் செய்த பொம்மை ஒன்றை 1878-ல் ஒரு அமெரிக்க அப்பா தன் பிள்ளைகளுக்கு வாங்கி வந்தார். பையன்கள் பெயர் வில்பர், ஆர்வில். ஆமாம், ரைட் சகோதரர்களேதான். பொம்மை சீக்கிரமே உடைந்தது. அதே மாதிரி தாங்களே செய்து பார்த்தார்கள். பெரிதாகச் செய்யச் செய்யப் பறக்க மறுத்தது. அளவு இரண்டு மடங்கானால் சக்தி எட்டு மடங்கு வேண்டும் என்பது அவர்களுக்குப் பிற்பாடுதான் புரிந்தது.

1930-கள்தான் இந்தக் கலைக்குப் பொற்காலம். ஈக்வடாரிலிருந்து வந்த பால்சா மரம், மெல்லிய ஜப்பான் காகிதம், பசை, குண்டூசி. வரைபடத்தை மேஜையில் விரித்து, அதன் மேலேயே குச்சிகளைக் குண்டூசியால் பிடித்து ஒட்டிச் சட்டம் செய்வார்கள். காகிதம் போர்த்தி, 'டோப்' என்கிற வார்னிஷ் போன்ற திரவத்தைப் பூசினால், காயும்போது மத்தளத் தோல் மாதிரி இறுகிவிடும். பில் பிரவுன் என்ற இளைஞர் குட்டி பெட்ரோல் எஞ்சின் செய்தார். 1933 அமெரிக்க தேசியப் போட்டியில் அந்த எஞ்சின் வைத்த விமானம் ரப்பர் விமானங்களைத் தோற்கடிக்க, பெட்ரோலுக்குத் தனிப் பிரிவே வைக்க வேண்டியதாயிற்று.

ரேடியோ கிடையாது. விட்டால் விட்டதுதான். சூடான காற்று மேலே தூக்கிக்கொண்டு போய்விட்டால் விமானம் திரும்பாது. அதற்கும் ஒரு யுக்தி கண்டுபிடித்தார்கள். மெதுவாகக் கனியும் திரி ஒன்று குறித்த நேரத்தில் ஒரு ரப்பர் பேண்டை எரித்து அறுக்கும். உடனே வால் மேல்நோக்கி மடங்கி, விமானம் பாராசூட் மாதிரி இறங்கிவிடும். நம்ம ஊர் வாணத்திரிக்குச் சொந்தக்காரன்!

பிறகு போர் வந்தது. மாஸ்கிட்டோ போர் விமானம் போன்றவற்றுக்குப் பால்சா போய்விட, பிள்ளைகளின் கிட்டுகளில் பைன் மரமும் அட்டையும் வந்தன. போருக்குப் பின் ரேடியோ கட்டுப்பாடு, அப்புறம் ஒட்டவே தேவையில்லாத தயார் விமானங்கள்.

1960-களில் அமெரிக்காவில் சிலர் கூடிப் பழைய மாடல் விமானங்களுக்கென்று ஒரு சங்கம் தொடங்கினார்கள். எனக்குப் பிடித்தது அவர்கள் வைத்த விதி. 1942 டிசம்பர் 31-க்குள் வந்த வடிவமைப்பாக இருக்க வேண்டும். விமானம் போன வாரம் செய்ததாக இருக்கலாம்! வடிவம்தான் பழசாக இருக்க வேண்டும், மரம் பழசாக இருக்க வேண்டியதில்லை. பழைய வரைபடங்களைத் தேடிப் பிடித்து, நகலெடுத்து, மறுபடி செய்து பறக்க விட்டார்கள். கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துக் காப்பாற்றவில்லை; திரும்பத் திரும்பச் செய்து காப்பாற்றினார்கள்.

ஊரை விட்டு வந்து புனேயிலும் டில்லியிலும் குடித்தனம் நடத்தும் நமக்கு இது புதிதல்ல. பாட்டியின் ஆட்டுக்கல் ஊரிலேயே நின்றுவிட்டது, இட்லி வந்துவிட்டது. ஆனால் அளவை எழுதி வைக்கலாம், பக்குவத்தை எழுத முடியாது. இதிலும் அதே கதைதான். எந்தப் பால்சா துண்டு இறக்கைக்கு, எது உடம்புக்கு என்பது விரலால் வளைத்துப் பார்த்தால்தான் தெரியும். புல்வெளியில் மெல்ல எறிந்து, மூக்கு குத்தினால் வாலைத் திருத்தி, துள்ளினால் மூக்கில் கொஞ்சம் எடை சேர்த்து... இது வரைபடத்தில் இல்லை. பக்கத்தில் நின்று பார்த்தால்தான் வரும்.

இந்தியாவில் என்.சி.சி. ஏர் விங்கில் படித்த பலருக்கு இந்தக் கைப்பழக்கம் உண்டு. உங்கள் வீட்டிலோ, அடுத்த ஃபிளாட்டிலோ அப்படி ஒரு பெரியப்பா இருக்கலாம். அவரிடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளை அனுப்புங்கள். முதல் விமானம் 11 நொடி பறக்காது. மூன்று நொடி பறந்தாலும் அது அவர்கள் செய்தது :-)