ஈலிங் புறநகரின் நாடகசாலை

பெருநகரை அடுத்து வாழ்பவர்க்கு ஒரு வசதி உண்டு. அதனாலேயே விளையும் ஒரு குறையும் உண்டு. நகரத்தின் கலைச்செல்வங்கள் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பது வசதி. அவை அருகில் இருப்பதால், தமக்கென ஒன்றை ஆக்கிக்கொள்ளாது விடுவது குறை. இலண்டன் மாநகரின் மேற்கேயுள்ள ஈலிங் இத்தகைய ஒரு புறநகர். புகையிரதம் ஏறினால் உலகப் புகழ்பெற்ற நாடகசாலைகளைச் சிறிது நேரத்தில் அடைந்துவிடலாம். அங்ஙனமாயின், அவ்வூரார் தாமே நாடகம் ஆடவேண்டிய தேவை யாது?

1929ஆம் ஆண்டில் ஈலிங்கிலே ஒன்றுகூடிய நண்பர் சிலர் ஒரு நாடகக் குழுவை அமைத்தனர். அல்பிரட் எமெட் என்பவர் அவர்களுள் முதன்மையானவர். தேடுவோர் என்னும் பொருள்பட அதற்குக் 'குவெஸ்ரர்ஸ்' என்று பெயரிட்டனர். பகலிலே தத்தம் தொழிலைச் செய்து, மாலையிலே ஒத்திகை பார்த்தனர். 1933இல் மற்றொக் ஒழுங்கையில், வழிபாடு நின்றுபோயிருந்த தேவாலயம் ஒன்று அவர்களுடைய நாடகசாலையாயிற்று. சொந்த அரங்குடைய பயில்முறைக் குழுக்கள் 1946இல் சிற்றரங்கச் சங்கத்தை நிறுவியபோது, இக்குழுவும் அதன் ஆரம்ப உறுப்பினருள் ஒன்றாக விளங்கிற்று.

மேலே எழுந்த வினாவுக்கு விடை இவர்கள் மேடையேற்றிய நாடகங்களிலே உள்ளது. தொழில்முறை அரங்கு, நாள்தோறும் விற்பனையாகும் சீட்டுகளை எண்ணியே வாழவேண்டும். ஆகவே பெயரறியா ஆசிரியரின் புதுநாடகத்தை ஏற்க அது தயங்கும். நாடகத்தால் வயிறு வளர்க்காதவர்க்கோ தோல்வியைத் தாங்கும் சுதந்திரம் உண்டு. ஜேம்ஸ் சாண்டர்ஸ் இயற்றிய 'அடுத்த முறை உனக்காகப் பாடுவேன்' என்னும் பொருளுடைய நாடகம் 1962இல் ஈலிங்கிலேதான் முதன்முதலாக அரங்கேறிற்று. மறு ஆண்டிலே இலண்டன் தொழில்முறை மேடை அதனை ஏற்றுக்கொண்டது. நகரத்தை நோக்கி நின்ற புறநகர், நகரத்துக்கே ஒன்றை அளித்தது.

இதற்கிடையே புதிய அரங்குக்காக உறுப்பினர் பல்லாண்டுகள் பொருள் சேர்த்தனர். கட்டடம் பகுதி பகுதியாக வளர்ந்தது. ஒத்திகைக் கூடங்களுள் ஒன்று பேர்னாட் ஷாவின் பெயரையும், மற்றொன்று ருசிய நாடக அறிஞர் ஸ்தனிஸ்லாவ்ஸ்கியின் பெயரையும் பெற்றன. 1964இல் எலிசபெத் இராசமாதா அரங்கைத் திறந்துவைத்தார். நாடகத்தின் தன்மைக்கேற்ப மேடையைப் பார்வையாளருக்கு எதிரேயோ, அவர்கள் நடுவேயோ அமைத்துக்கொள்ளக்கூடிய அரங்கு அது. அக்காலப் பிரித்தானியாவில் அஃது அரியதொரு அமைப்பாகும்.

எனினும், கட்டடம் பெரிதாகுந்தோறும் அதனைப் பேணும் செலவும் பெருகும். செலவு பெருகினால், சீட்டு விற்பனையைப் பற்றிய அச்சம் இங்கேயும் தலைகாட்டக்கூடும். புறநகர் அரங்குகள் பலவற்றின் உண்மைச் சோதனை இதுவே. ஈலிங் அரங்கிலே இன்றும் உறுப்பினரே ஊதியமின்றி நடிக்கின்றனர், காட்சி அமைக்கின்றனர், ஒளி பாய்ச்சுகின்றனர். தேடுவோர் என்ற பெயரும் மாறவில்லை. அப்பெயர் பொருளுடையதாக நிலைப்பது, அடுத்து அவர்கள் எந்த நாடகத்தைத் துணிந்து தெரிவுசெய்கின்றனர் என்பதைப் பொறுத்தது.