பளையகாட்: உலகம் சுற்றிய ஓர் ஊர்ப்பெயரடை



ஜவுளிக்கடையில் கைலி வாங்கச் சென்றால், கட்டம் போட்ட ஒருவகைத் துணியைப் 'பளையகாட்' என்று சொல்லி எடுத்துப் போடுவார்கள். அச்சொல்லின் பொருள் யாதெனக் கடைக்காரரைக் கேட்டால், "அது ஒரு ரகம் சார்" என்பதே விடையாக வரும். நாமும் பல்லாண்டுகள் அவ்விடையோடு அமைந்திருந்தோம். பழைய ஆங்கில அகராதி ஒன்றில் 'புலிகாட்' என்னும் சொல்லைக் காண நேர்ந்த பின்னரே, கைலியின் பெயரும் சென்னைக்கு வடக்கே ஏறத்தாழ 60 கிலோமீட்டர் தொலைவிலுள்ள ஓர் ஏரிக்கரை ஊரின் பெயரும் ஒன்றே எனத் தெளிந்தோம். அந்த ஊர் பழவேற்காடு. அதன் பெயர் ஆங்கிலத்தில் ஒரு பெயரடையாகி, உலகம் சுற்றி, மீண்டும் தமிழுக்கே அடையாளம் தெரியாத உருவில் வந்து சேர்ந்த வரலாற்றை இக்கட்டுரையில் காண்போம்.

முதலில் ஊர்ப்பெயரைப் பிரித்துப் பார்த்தல் நலம். பழமை + வேற்காடு என்பது பண்புத்தொகையாகப் புணர்ந்து பழவேற்காடு ஆயிற்று. எனவே இப்பெயருக்குள்ளேயே 'பழ' என்னும் ஓர் அடை உண்டு. வேற்காடு என்பது வேல் + காடு. வேல மரங்கள் அடர்ந்த காடு எனப் பொருள்படும். அலையாத்தி மரங்களின் வேர்களைக் கருதி 'வேர்க்காடு' என்று விளக்கம் சொல்வாரும் உளர். ஆயின் 'வேர்' என்பது நிலைமொழியாயின் வேர்க்காடு என்றே புணருமன்றி வேற்காடு ஆகாது. லகரம் ககரத்தின் முன் றகரமாகத் திரியும் என்ற விதியே இங்குச் சான்று. 1886-இல் வெளிவந்த ஹாப்சன் ஜாப்சன் அகராதியும் 'பழைய வேற்காடு' என்றே இதற்குப் பொருள் தருகிறது. சம்பந்தர் பாடிய திருவேற்காடு சென்னைக்கு மேற்கே உள்ளது. அங்கே 'திரு' அடையாக நிற்கிறது. இங்கே 'பழ' நிற்கிறது.

இனி, இப்பெயர் கடல் கடந்தது எவ்வாறு? 16-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், விசயநகர ஆட்சிக்காலத்தில், பழவேற்காடு சோழமண்டலக் கரையின் முதன்மைத் துறைமுகங்களுள் ஒன்றாக விளங்கியது. போர்ச்சுகீசியரான துவார்த்தே பார்போசா தம் பயணக் குறிப்பில் இவ்வூரையும், இங்கிருந்து மலாக்காவுக்கும் பெகுவுக்கும் சென்ற பருத்தித் துணிகளையும் குறிப்பிடுகிறார். ழகரமும் றகரமும் அவர்கள் நாவில் நில்லாமையால் ஊர்ப்பெயர் 'பலேயகாத்தே' என்றாயிற்று. அடுத்து வந்த டச்சுக்காரர்கள் 1610-இல் வேங்கடபதி ராயரிடம் உரிமை பெற்றுப் பண்டகசாலை நிறுவினர். 1612-இல் போர்ச்சுகீசியர் அதைத் தாக்கவே, 1613-இல் கெல்திரியா என்னும் கோட்டையைக் கட்டி முடித்தனர். 1690-இல் நாகப்பட்டினத்துக்கு மாற்றப்படும் வரை டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் சோழமண்டலத் தலைமையிடம் இதுவே.

டச்சுக்காரர்கள் நாடியது நறுமணப் பொருள்களை. சாதிக்காயும் கிராம்பும் விளைந்த கிழக்கிந்தியத் தீவுகளில் மக்கள் விரும்பி ஏற்ற மாற்றுப்பொருள் சோழமண்டலத் துணி. ஆகவே துணி இல்லையேல் நறுமணப் பொருளும் இல்லை என்ற நிலை. பழவேற்காட்டுக்குப் பின்னிருந்த நெசவூர்களிலிருந்து வந்த துணிப்பொதிகள் இத்துறைமுகத்தின் பெயரோடு கப்பலேறின.

ஆங்கிலத்தில் இச்சொல் வழங்கிய முறை கூர்ந்து நோக்கத்தக்கது. இதன் பொருள் மூன்று படிகளில் மாறியது எனலாம். முதற்படியில் 'புலிகாட் கைக்குட்டை' என்றால் பழவேற்காட்டிலிருந்து வந்த கைக்குட்டை என்பதே பொருள். இங்குப் புலிகாட் என்பது ஊரைச் சுட்டும் பெயரடை. 'காஞ்சிப் பட்டு' என்பதில் காஞ்சி நிற்பது போல. இரண்டாம் படியில் கைக்குட்டை என்ற சொல் உதிர்ந்து, 'புலிகாட்' என்றாலே வண்ணக் கட்டமிட்ட தலைக்குட்டையைக் குறித்தது. நம் இலக்கணத்தில் இது இடவாகுபெயர். மூன்றாம் படிதான் வியப்புக்குரியது. 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ வட்டாரத் தறிகளில் இத்துணியைப் போலவே நெய்யத் தொடங்கினர். அதற்கும் அவர்கள் இட்ட பெயர் 'புலிகேட்'. அதை நெய்தவர்கள் புலிகேட் நெசவாளர்கள் எனப்பட்டனர். ஊரைச் சுட்டப் பிறந்த சொல், அவ்வூரோடு எத்தொடர்பும் இல்லாத துணிக்குப் பெயராயிற்று. பெரிய எழுத்தில் தொடங்கிய ஊர்ப்பெயர், சிறிய எழுத்தில் தொடங்கும் சரக்குப் பெயராக அகராதியில் இறங்கியது.

இது பழவேற்காட்டுக்கு மட்டும் நேர்ந்ததன்று. கோழிக்கோடு 'காலிகோ' ஆயிற்று. தமாஸ்கு நகரம் 'டமாஸ்க்' ஆயிற்று. சென்னையின் பழைய பெயரான மெட்ராஸும் ஒருவகைக் கட்டத் துணியின் பெயராக இன்றும் வழங்குகிறது. ஆயின் கோழிக்கோடும் தமாஸ்கும் சென்னையும் பெருநகரங்களாக நின்று தம் பெயரைத் தாமே காத்துக்கொண்டன. பழவேற்காட்டுக்கு அந்த வாய்ப்பு அமையவில்லை.

சொல்லின் பயணம் ஆங்கிலத்தோடு நிற்கவில்லை. மெக்சிகோவில் கழுத்திலும் தலையிலும் கட்டும் வண்ணக் குட்டையை இன்றும் 'பாலியாகாத்தே' என்கிறார்கள். மெக்சிகோ விடுதலைப் போரின் தலைவர்களுள் ஒருவரும் 1815-இல் கொல்லப்பட்டவருமான ஹோசே மரியா மொரேலோஸின் படங்களில் அவர் தலையில் கட்டியிருப்பது அத்தகைய குட்டையே. அங்கே அதை உள்ளூர்ப் பழங்குடி மொழிச் சொல்லாகக் கருதி மூக்கோடு தொடர்புபடுத்துவாரும் உண்டு. வேல மரத்தை மறந்து வேரைத் தேடும் நம்மவரைப் போலவே!

மலாய் மொழியில் கட்டமிட்ட சாரத்துக்கு 'காயின் பெலிக்காட்' என்று பெயர். 'காயின்' என்றால் துணி. தமிழில் அடை பெயருக்கு முன் வரும். மலாயில் பின் வரும். அவ்வளவே வேறுபாடு. மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் வாழும் தமிழர் பலர் இதனை மலாய்ச் சொல் என்றே எண்ணியிருக்கக்கூடும். அதே பழவேற்காடுதான் நம் ஜவுளிக்கடையில் 'பளையகாட்' என்று வந்து நிற்கிறது. சிறப்பு ழகரத்தோடு புறப்பட்ட சொல், அதை இழந்து ளகரத்தோடு திரும்பியிருக்கிறது.

இங்கே ஒரு வினா எழுகிறது. இந்தப் பெயரடை யாரைச் சுட்டுகிறது? துணியை நெய்தவர்களை அன்று. அவர்கள் பெயரும் ஊரும் சரக்கின்மேல் இல்லை. சரக்குக் கப்பலேறிய துறையை மட்டுமே சுட்டுகிறது. அத்துறையோ ஆழமற்றது. பெருங்கப்பல்கள் ஏரிக்குள் நுழைய இயலாமல் கடலில் நங்கூரமிட்டு நிற்க, பொதிகளைச் சிறு படகுகளில் ஏற்றி, முகத்துவாரத்தின் மணல்திட்டும் அலையும் கடந்து கொண்டு சேர்த்தவர்கள் இக்கரையின் படகோட்டிகள். அச்சொல் உலகுக்குச் சென்றது அவர்கள் துடுப்பின் வலியால். துணி மட்டுமா சென்றது? 17-ஆம் நூற்றாண்டின் பஞ்சக் காலங்களில் விலைக்கு வாங்கப்பட்ட மக்களும் இதே துறையிலிருந்து பத்தாவியாவுக்கு அடிமைகளாக ஏற்றப்பட்டனர். அவர்களுக்கு எந்த அகராதியிலும் ஒரு சொல் இல்லை.

சில ஆண்டுகளுக்கு முன் மாணவர்களுடன் பழவேற்காடு சென்றிருந்தோம். 1824-ஆம் ஆண்டு உடன்படிக்கையின்படி, அடுத்த ஆண்டில் ஊர் ஆங்கிலேயர் வசமானது. அதற்கு முன்பே, 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், கோட்டையை இடித்துவிட்டனர். இன்று அவ்விடம் முட்புதர் மண்டிய மேடு. டச்சுக் கல்லறைத் தோட்டம் மட்டும் தொல்லியல் துறையின் பாதுகாப்பில், வாயிலில் எலும்புக்கூட்டுச் சிற்பங்களோடு நிற்கிறது. அயல்நாட்டார் பெயர்களெல்லாம் அங்கே கல்லில் உள்ளன. மீனவர் ஊர்களின் பெயர்களிலும் வரலாறு அடையாகத் தங்கியிருக்கிறது: கோட்டைக்குப்பம், நடுவூர் மாதா குப்பம், லைட் ஹவுஸ் குப்பம். கோட்டை போயிற்று, 'கோட்டை' என்னும் அடை போகவில்லை.

ஏரிக்கரையில் வலை பழுதுபார்த்துக்கொண்டிருந்த முதியவர் ஒருவரிடம், அவர் உடுத்தியிருந்த கைலியைச் சுட்டி, அது என்ன ரகம் என்று வினவினோம்.

"பளையகாட்டு சார். பொன்னேரியில வாங்குனது. இங்க ஏது தறி?"

அச்சொல் அவர் ஊரின் பெயரே என்று விளக்கினோம். சற்று நேரம் துணியையே பார்த்திருந்தார்.

"அப்போ இத்தினி வருசமா எங்க ஊரையே இடுப்புல கட்டிக்கினு கீறேனா? ஒருத்தரும் சொல்லலியே சார்" என்றார்.

அக்கேள்விக்கு நம்மிடம் விடை இல்லை. சொல்லியிருக்க வேண்டியவர்கள் தமிழ் படித்த நாமே அல்லவா?

முதியவர் பின்னர்ப் பேசியது சொல்லைப் பற்றியன்று. தூர்ந்துபோகும் முகத்துவாரத்தைப் பற்றி. முகத்துவாரம் அடைபட்டால் கடல்நீர் ஏரிக்குள் வாராது. இறாலும் மீனும் வாரா. மணல்வாரிப் பாதை திறக்க மக்கள் பல்லாண்டுகளாகக் கேட்டு வந்திருக்கிறார்கள். தெற்கே காட்டுப்பள்ளித் துறைமுகத்தை விரிவாக்கும் திட்டத்தையும் மீனவர்கள் அஞ்சி எதிர்த்து வருகின்றனர். ஒருகாலத்தில் துறைமுகத்தால் பெயர் பெற்ற ஊர், இன்று மற்றொரு துறைமுகத்தால் ஊரே இல்லாமற் போகுமோ என்று கவல்கிறது.

'பழ' என்ற அடைக்குத் தமிழில் இரு பொருள்நிழல்கள் உண்டு. பழந்தமிழ், பழங்குடி என்னும்போது அது தொன்மையின் பெருமை. பழந்துணி, பழங்கதை என்னும்போது அது கழிந்துபோனமையின் இகழ்ச்சி. பழவேற்காட்டின் 'பழ' இவற்றுள் எதுவாகும் என்பதை இலக்கணம் தீர்மானிக்காது. அங்கு வாழும் மக்களின் வாழ்வு தொடர்வதைப் பொறுத்தே அது அமையும்.

அடுத்தமுறை கைலி வாங்கும் நண்பர்கள் கடைக்காரரிடம் 'பழவேற்காட்டுக் கைலி' என்று கேட்டுப் பாருங்கள். முதலில் விழிப்பார். விளக்கிச் சொல்லுங்கள். இழந்த ழகரத்தையேனும் அவ்வூருக்குத் திருப்பித் தருவோம்.