நெல்வயலும் மூளைக்காய்ச்சலும்

மூளைக்காய்ச்சல் என்று தமிழகத்தில் பொதுவாக வழங்கும் நோய்களுள், கொசுவின் வழியே உடலில் புகும் வைரஸ் மூளைத் திசுவை அழற்சியுறச் செய்யும் ஜப்பானிய மூளைக்காய்ச்சல், இந்தியாவில் முதன்முதலாக 1955இல் அன்றைய வட ஆற்காடு மாவட்டத்து வேலூரில்தான் அடையாளம் காணப்பட்டது. 1924இல் ஜப்பானில் 6,000க்கும் மேற்பட்டோரைத் தாக்கிய இந்நோயை, அதற்குச் சில ஆண்டுகள் முன்பு ஐரோப்பாவில் பரவிய உறக்க மூளையழற்சியிலிருந்து வேறுபடுத்தவே, முந்தையதை 'ஏ' என்றும் இதனை 'பி' என்றும் மருத்துவர்கள் வகைப்படுத்தினர்.

நீர் தேங்கிய நெல்வயலில் பெருகும் கியூலெக்ஸ் இனக் கொசு, கொக்கு போன்ற நீர்ப்பறவைகளிடமும் பன்றிகளிடமும் வைரஸைப் பெற்று மனிதரைக் கடிக்கிறது. மனித இரத்தத்தில் வைரஸின் அளவு மிகக் குறைவாதலால், ஒருவரிடமிருந்து கொசுவழியே மற்றவருக்கு நோய் தொற்றுவதில்லை. ஆகவே இந்நோயின் வரலாறு பெரிதும் நெல்வயல் சூழ்ந்த ஊர்களின் வரலாறாகவே இருந்துள்ளது.

தொற்றுக்கு ஆளாவோரில் மிகப் பெரும்பாலோருக்கு அறிகுறியே தோன்றுவதில்லை. ஆனால் மூளை தாக்குண்டோரில் 20 முதல் 30 விழுக்காட்டினர் இறக்கின்றனர். பிழைத்தோரிலும் 30 முதல் 50 விழுக்காட்டினருக்கு நரம்பு அல்லது மனம் சார்ந்த குறைபாடு நீடிக்கிறது. உணர்வுச் செய்திகளை ஒருங்கிணைக்கும் தலாமஸும் அசைவைச் சீராக்கும் ஆழ்மூளைப் பகுதிகளும் சிதைவதால், சிலருக்கு முகபாவம் மறைந்து கைகால் விறைக்கிறது, சிலருக்கு வலிப்பு வருகிறது, சிலருக்கு நினைவு மங்கிக் கற்கும் திறன் குன்றுகிறது; நோயுற்ற பிள்ளையின் அடங்காச் சினமும் காரணமற்ற அழுகையும் குணமாறுபாடும் பிடிவாதமாகவோ தெய்வக் குற்றமாகவோ கொள்ளப்படும்போது, நோயின் சுமை பிள்ளையின் மீதே பழியாக விழுகிறது.

1985இல் மதுரையில் நிறுவப்பட்ட மருத்துவப் பூச்சியியல் ஆய்வு மையம், வயலை இடையிடையே உலரவிட்டு நீர் விடும் 'காய்ச்சலும் பாய்ச்சலும்' முறை கொசுப்புழுவைக் குறைப்பதை ஆராய்ந்தது. 2006 முதல் இந்தியாவில் நோய் மிகுந்த மாவட்டங்களில் குழந்தைகளுக்குத் தடுப்பூசி இயக்கமாக வழங்கப்பட்டது. இவை நோய் வருமுன் காப்பவை. வந்தபின் எஞ்சும் குறைபாட்டுக்கோ பேச்சுப் பயிற்சியும் மனநல மருத்துவமும் ஆண்டுக்கணக்கில் தேவைப்படுகின்றன. காய்ச்சல் தணிந்ததும் குணமடைந்தோர் கணக்கில் சேர்க்கப்படும் பிள்ளை, பின்னர் பள்ளியில் அமர்ந்து படிக்கிறதா என்பதையும் பதிந்தால்தான் இந்நோயின் வரலாறு முழுமைபெறும்.